சிப்பிகாட்டில் ஒரு கற்காலம்

பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் சரித்திரம் நடத்திய மனிதர் ஓய்வு பெற்றால் என்ன ஆவார் என்று யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். தோட்டம் போடுவார், பேப்பரைக் கரைத்துக் குடிப்பார், டீயில் சர்க்கரை போதவில்லை என்பார், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் கற்காலத்துக்குப் போய்விட்டார். தனியாகப் போயிருந்தால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. வீட்டு வாசலையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார்.

எங்கள் வீடு அந்தமானில், போர்ட் பிளேர் பக்கம் சிப்பிகாட் என்கிற ஊரில், மூலை மனையில் இருக்கிறது. கிழக்கே தார் ரோடு, தெற்கே ஒரு சந்து. ரோட்டைத் தாண்டினால் குன்று. போன மழைக்காலத்தில் ஒரு பகல் முழுக்க விடாமல் கொட்டித் தீர்த்ததில் குன்றின் ஒரு பக்கம் சரிந்தது. மண்ணும் மரமும் ரோட்டோடு நின்றுவிட, ஒரே ஒரு பாறை மட்டும் ரோட்டைக் கடந்து, எங்கள் கேட்டை மல்லாக்கத் தள்ளிவிட்டு உள்ளே வந்தது. வந்தது படுக்கக்கூட இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே, அடி பருத்து, தலை குறுகி, நிமிர்ந்து நின்றது. அந்தப் பக்கம் கிணறு, இந்தப் பக்கம் மழைத்தண்ணீர்த் தொட்டி, நடுவில் நடைபாதை, நடைபாதையில் இது. வாடகை கொடுத்துக் குடிவந்தவர்கள்கூட இவ்வளவு உரிமையோடு நிற்கமாட்டார்கள்.

ரோட்டைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். மண்ணை அள்ளினார்கள், மரத்தை அறுத்தார்கள். கல்லை எட்டிப் பார்த்த மேஸ்திரி, "மேடம், ரோட்டுல கெடந்தா அது சர்க்காரோடது. கேட்டுக்குள்ள வந்துட்டா உங்களோடது" என்றார்.

"கேட்டே இல்லையேப்பா, அதைத்தான் இடிச்சுத் தள்ளியிருக்கே?"

"அதுவும் உங்களோடதுதான்" என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிப் போய்விட்டார். நானும் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவள்தான். கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, 'டிக்கெட் இல்லை' என்பதைத் தமிழ், ஹிந்தி, பெங்காலி மூன்றிலும் முகம் மாறாமல் சொன்னவள். ஆகவே அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் மரியாதைதான் வந்தது.

கிணற்றுச் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தால் வீட்டுக்குள் போய்விடலாம். வேறு சமயமாக இருந்தால் அதற்கும் பழகியிருப்பேன். தீவில் இருப்பவர்களுக்குப் பழக முடியாத அசௌகரியம் என்று ஒன்று உண்டா என்ன? ஆனால் எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. முடிந்து வந்தால் கொஞ்ச நாள் சக்கர நாற்காலி, அப்புறம் பிடித்துக்கொண்டு நடக்கிற வாக்கர். இரண்டும் அந்த இடுக்கில் நுழையாது.

சென்னையில் இருக்கும் மகனிடம் போனில் புலம்பினேன். அவன் சந்தோஷப்பட்டான். "நல்லதாப் போச்சும்மா. ஆபரேஷன் முடிஞ்சதும் இங்கயே இருந்துடுங்க. அப்பாவும் வந்துடட்டும். அந்த வீட்டை வித்துடலாம். மெயின்லேண்டுல இல்லாதது அங்க என்ன இருக்கு?"

பாசத்தில்தான் சொன்னான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் பிளாட்டில் எனக்கென்று ஒதுக்கிய அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து பிளாட்டின் ஏ.சி. பெட்டிதான் தெரியும். அங்கே நான் விருந்தாளி. டிவி ரிமோட்டைக்கூடக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும். என் அடுப்பு, என் கிணறு, நான் போடுகிற சண்டை எல்லாம் சிப்பிகாட்டில்தான். நான் திரும்பி என் வீட்டுக்கே வரவேண்டும். அதற்கு அந்தக் கல் போகவேண்டும்.

கல்லுடைக்கும் மெஷின் வைத்திருந்த காண்ட்ராக்டர் விருதுநகர்க்காரர், எங்கள் பக்கத்து ஆள். எங்கள் காம்பவுண்டுச் சுவரைக் கட்டியவரும் அவர்தான். "அக்கா, மெஷின்ல ஒரு பார்ட் போயிருச்சு. மெயின்லேண்டுலருந்து வரணும். அடுத்த கப்பல்ல வந்துரும்" என்றார். அடுத்த கப்பல் என்றால் என்ன அர்த்தம் என்று என்னிடமா சொல்கிறார்? அந்த வார்த்தையைச் சொல்லியே பென்ஷன் வாங்குகிறவள் நான். வெடி வைக்கலாம் என்றால், வீடுகளுக்கு நடுவே அதற்கு அனுமதி கிடையாது.

நான் வீட்டுக்காரரிடம் ஒரு சுலபமான வழி சொன்னேன். "ஏங்க, கல்லு பாட்டுக்கு நிக்கட்டும். தெக்குச் சுவத்தை இடிச்சு, சந்துப் பக்கம் ஒரு கேட்டு வெச்சுட்டா நேரா வராந்தாவுக்கே வந்துரலாமே?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. வீடு கட்டும்போது மெயின்லேண்டிலிருந்து ஒரு வாஸ்துக்காரரை, போக வரச் செலவு கொடுத்து வரவழைத்திருந்தார். அந்த மகானுபாவர் இடத்தைச் சுற்றி வந்து, இரண்டு இளநீர் குடித்துவிட்டு, தெற்கே மட்டும் வாசல் வைக்காதீர்கள், அது எமன் வருகிற திசை, வீட்டு அம்மாவுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உனக்குத்தான் ஆகாதுன்னு சொல்லியிருக்கான். அதுவும் ஆபரேஷனுக்குப் போற நேரத்துல தெக்கு வாசலா? வாயைக் கழுவு" என்றார் வீட்டுக்காரர்.

வகுப்பில் மூடநம்பிக்கை ஒழிப்பைப் பற்றி மேஜையைத் தட்டிப் பேசியவர் இவர்தான். தெற்குத் திசையைப் பார்த்து இப்படி நடுங்கினார். ஆக, வாஸ்துக்காரர்கள் பிறக்காத காலத்துக்கே போய் வழி தேடுவது என்று முடிவு செய்தார்.

வழி போனில் கிடைத்தது. அந்தப் போனை வாங்கிக் கொடுத்த மகனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏதோ தேசத்தில், இரும்பே தெரியாத காலத்தில், வீட்டை விட உயரமான கற்களை வெட்டவெளியில் நட்டுவைத்திருக்கிறார்கள். எப்படிச் செதுக்கினார்கள் என்று வீடியோவில் ஒருவர் மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எனக்கும் அது முழுதாக நடத்தப்பட்டது.

"உளி கிடையாது, சுத்தியல் கிடையாது. கல்லை வெச்சே கல்லை அடிச்சிருக்கலாம். அதை விடக் கெட்டியான கல்லா எடுத்து, கையில பிடிச்சு, ஒரே இடத்துல குத்திக் குத்திப் பொடியாக்கியிருக்கலாம். நெருப்பு வெச்சுச் சூடாக்கித் தண்ணி ஊத்தியிருக்கலாம். இடுக்குல மர ஆப்பை அடிச்சு, தண்ணி ஊத்தி ஊற வெச்சா மரம் உப்பிக் கல்லைப் பிளந்துரும். அப்படியும் இருக்கலாம்."

"இருக்கலாம், இருக்கலாம்னா என்னங்க அர்த்தம்? ஒருத்தருக்கும் நிச்சயமாத் தெரியாதா?"

"நாம யாரும் கூட இருந்து பாக்கலையே" என்றார். இந்த நேர்மை அவரிடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் நேர்மையை வைத்துக்கொண்டு கல்லை உடைக்க முடியாது.

மறுநாள் காலையில் சட்னி அரைக்கப் போனால் அம்மியின் மேல் குழவியைக் காணோம். வாசலில் டொக் டொக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு என் பிறந்தவீட்டில் கொடுத்து, கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த என் அம்மிக்குழவியால் அந்தக் கல்லைக் குத்திக்கொண்டிருக்கிறார்!

"அடப்பாவி மனுஷா! குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தி இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"இது மெயின்லேண்டு கருங்கல்லுடி. இந்தத் தீவுல இதை விடக் கெட்டியான கல்லு எங்க தேடுவேன்?" என்றார், என் பிறந்தவீட்டைப் புகழ்வதுபோல. எத்தனையோ வருஷ தாம்பத்தியத்தில் என் சீதனத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. நான் கொஞ்சம் அசந்துவிட்டேன். அந்த நேரத்தில் இன்னும் நாலு குத்துக் குத்திவிட்டார்.

மத்தியானம் வரைக்கும் குத்தியதில் கல்லில் அம்மை வடு மாதிரி சில பள்ளங்கள் விழுந்தன. கீழே ஒரு கரண்டி அளவுக்கு மாவு. அந்த மாவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து காட்டினார். "பாத்தியா? இப்படித்தான் ஒரு பக்கத்தையே வழவழன்னு ஆக்கியிருப்பாங்க. நிறையப் பேர் சேர்ந்து, வருஷக்கணக்கா..."

"எனக்கு ஆபரேஷன் வர்ற மாசம்" என்றேன்.

சரி, நெருப்பு. இதற்குள் பக்கத்துத் தோட்டத்து தாதா வந்து சேர்ந்துகொண்டார். தாதா என்றால் பெங்காலியில் அண்ணன். பெங்காலிக்காரர், கத்தரிக்காயும் புடலங்காயும் போட்டு விற்கிறவர். எங்கள் வீட்டில் சத்தம் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் தலை தெரியும். "மாஸ்டர்ஜி, ஆக் லகாவ்! நெருப்பு வைங்க, கொட்டாங்கச்சி நான் தரேன்" என்று மூட்டை மூட்டையாகத் தேங்காய்ச் சிரட்டை கொண்டுவந்தார். கல்லின் காலடியில் சுற்றிலும் அடுக்கிப் பற்றவைத்தார்கள். சிரட்டை நன்றாகத்தான் எரிந்தது. கல் கறுத்தது. என் துவைத்த துணி கறுத்தது. பழுக்கச் சூடானதும் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளித் தண்ணீரை வீசினார்கள். டப்பென்று வெடித்து, தோசை கனத்தில் ஒரு சில்லு பறந்து போய்த் தொட்டிக்குள் விழுந்தது. ரோட்டில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்காரர் அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தேர்தலில் ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு பல் தெரிந்திருக்காது.

இரண்டாவது அடுக்கை வைத்து முடிப்பதற்குள் மழை. தார்ப்பாய் கட்டினார்கள். தார்ப்பாய் தீய்ந்து ஓட்டையானது. ஓட்டை வழியாக மழை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊரில் நெருப்பை நம்பி இறங்கியவர்கள் இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். ஒரு வாரம் வானம் விடவே இல்லை.

மிச்சம் இருந்தது ஆப்பு. கல்லின் நடுவே மேலிருந்து கீழாக இயற்கையாகவே ஒரு விரிசல் ஓடியிருந்தது. அந்தக் காலத்து ஆட்களும் கல்லோடு மல்லுக்கட்டாமல், அதுவே விட்டுக்கொடுக்கிற கோட்டைத் தேடித்தான் கைவைத்திருப்பார்கள் என்றார் வீட்டுக்காரர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எந்த மரத்தில் ஆப்புச் செய்வது என்று பேச்சு வந்தது. வந்த வேகத்தில் முடிந்தும் விட்டது.

"படாக்!" என்றார் தாதா. "அண்டமான் கா ராஜா ஹை படாக்!"

"படாக்கை விட்டா வேற என்ன சார் இருக்கு?" என்றார், மெஷின் பார்ட் வரவில்லை என்று சொல்ல வந்த காண்ட்ராக்டர்.

செக்கச்செவேலென்ற அந்தப் படாக் மரத்தைப் பற்றி இந்தத் தீவில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். கல்யாணமாகி மெயின்லேண்டுக்குப் போகிற பெண்ணுக்குக் கட்டில் என்றால் படாக், சாமி மண்டபம் என்றால் படாக், அதிகாரிக்கு நினைவுப் பரிசு என்றால் படாக்கில் ஒரு கப்பல். காண்ட்ராக்டர் பழைய கதவு நிலையிலிருந்து துண்டு கொடுத்தார். ஆப்புகளை இழைத்து, விரிசலில் வரிசையாக அடித்து இறக்கி, சாக்கு சுற்றி, மூன்று பேரும் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் காதை வைத்து வைத்துக் கேட்டார்கள். கல் ஒரு முனகல் முனகவில்லை. ஆப்புகளிலிருந்து சிவப்புச் சாயம் மட்டும் இறங்கி, கரிபிடித்த கல்லின்மேல் நெற்றியிலிருந்து வழிகிற மாதிரி வழிந்தது.

நான் வாசல் கதவைச் சாத்தப் போனேன். விடாத மழையிலும் கதவு வழுக்கிக்கொண்டு வந்து சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. எங்கள் கதவும் படாக்தான். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி திறந்து, அந்த மூன்று அறிவாளிகளையும் பார்த்துக் கேட்டேன்.

"ஏங்க, என்னைக்காவது ஒரு மழைக்கு இந்தக் கதவு உப்பி இறுகியிருக்கா? எந்த மழைக்கும் உப்பாதுன்னுதானே இந்த ஊரே படாக்கைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது? உப்பாத மரத்தை வெச்சுக் கல்லைப் பிளக்கப் போறீங்களா?"

 தாதாதான் முதலில் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "பாபிஜி சொல்றது சஹி ஹை, சரிதான்" என்றார். ஊர்ப்பெருமையை விட்டுக்கொடுப்பது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதோடு விட்டார்களா? இல்லை. உப்புகிற மரம் எது என்று மறுநாள் காலையிலேயே மாநாடு தொடங்கிவிட்டது. மாமரமா, இலவமரமா, காயவைத்து அடிப்பதா என்று குரல் உயர்ந்தது. சென்னைக்குப் போக ஒரு வாரம்கூட இல்லை. என் பெட்டி பாதி அடுக்கிக் கிடந்தது. நான் இடுக்கில் நுழைந்து கடைக்குப் போகப் பார்த்தேன். முழங்கால் மடங்கிவிட்டது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கத்தினேன்.

"இந்தக் கல்லையெல்லாம் அந்தக் காலத்துல எதுக்கு நட்டாங்க? நீங்கதானே சொன்னீங்க, செத்தவங்க ஞாபகமாவும் நட்டிருக்கலாம்னு? அப்ப எதுக்கு இவ்வளவு சிரமப்படறீங்க? ஆபரேஷன் டேபிள்லயே நான் போயிட்டா இதையே எனக்கு வெச்சுக்கங்க. ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தான் இருக்கு!"

தாதாவுக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் அவரும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அன்றைக்குக் கோபத்தை விடப் பயம்தான் அதிகம். மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழுந்திருப்பேனா என்ற பயம். எழுந்தாலும் வீடு திரும்பமாட்டேனோ என்ற பயம் அதைவிடப் பெரியது. அதை நல்ல விதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை, இப்படி வந்துவிட்டது.

வீட்டுக்காரர் குழவியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் தேய்த்துக் கழுவி, அம்மிமேல் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கல்லை அவர் தொடவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கூடவே இருந்தார். நான் நாலு எட்டு வைக்க ஆரம்பித்ததும், வீடு பூட்டிக் கிடக்கிறது, மழை என்று சொல்லிவிட்டு முன்னால் கிளம்பிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "பாத்தீங்களாம்மா, கல்லைக் கட்டிக்கிட்டு அழப் போயிட்டார்" என்றான் மகன்.

போனில் முகத்தை மட்டும் காட்டுவார். பின்னால் மேற்கூரைதான் தெரியும்.

"கல்லு?"

"நிக்குது."

"அப்ப நான் எப்படி உள்ள வர்றதாம்?"

"வா, பாத்துக்கலாம்."

பாத்துக்கலாமாம்! இந்த ஒரு வார்த்தையிலேயே குடித்தனம் முழுக்க ஓடியிருக்கிறது. மகன் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தான், போகவேண்டாம் என்று. ரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலும் என் வாசலில்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு விமானத்தில் கூட்டிவந்தான்.

போர்ட் பிளேர் விமான நிலையத்துக்கு வீட்டுக்காரரோடு காண்ட்ராக்டரும் தன் வேனைக் கொண்டுவந்திருந்தார். மெஷின் பார்ட் வந்துவிட்டதா என்றேன். வந்துவிட்டதாம். "அப்ப கல்லு?" என்றால் வீட்டுக்காரரும் காண்ட்ராக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

சிப்பிகாட்டில் வளைவு திரும்பியதுமே தெரிந்துவிட்டது. கல் அசையாமல் நின்றது. இடுப்பில் மஞ்சள் துணி, கழுத்தென்று நினைத்த இடத்தில் செம்பருத்தி மாலை, அடியில் அகல்விளக்கு. கரியின்மேல் வழிந்த படாக் சாயத்தைப் பார்த்து, கல்லிலிருந்து குங்குமம் வழிகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தமிழ்க்காரர்கள் கற்பூரம் கொளுத்த, தெலுங்குக்காரர்கள் தேங்காய் உடைக்க, எங்கள் தாதா முதல் புடலங்காயைக் கொண்டுவந்து சாத்தியிருக்கிறார். மெஷின் ஓட்டுகிற ஆள் வந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டானாம்.

"சரிதான், இனி ஜென்மத்துக்கும் இது போகாது" என்றேன்.  மகன் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த விமானத்துக்கே டிக்கெட் போட்டுவிடுவான் போலிருந்தது.

வேன் வாசலில் நிற்கவில்லை. மூலையில் திரும்பிச் சந்துக்குள் நுழைந்தது.

தெற்குச் சுவரின் நடுவே சுவர் இல்லை. எங்கள் பழைய கேட்டை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, அங்கே மாட்டியிருந்தது. கேட்டிலிருந்து வராந்தா வரைக்கும் படி ஏதும் இல்லாமல் சிமெண்டுச் சரிவு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி.

"யாரு இடிச்சது?"

"நான்தான்" என்றார் வீட்டுக்காரர். "உன் குழவியாலதான். ஒரு காலை வேளைதான் ஆச்சு. கற்கால முறை நல்லாத்தான் வேலை செய்யுது. நம்ம காண்ட்ராக்டர் கட்டின சுவரா இருந்தாப் போதும்."

காண்ட்ராக்டர் சட்டென்று பெட்டிகளை இறக்கப் போய்விட்டார். மகன் சரிவைக் காலால் தட்டிப் பார்த்தான். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். பிறகு டிக்கெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வீட்டுக்காரர் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளினார். சக்கரம் எங்கேயும் இடிக்கவில்லை. கேட்டுக்குள் நுழையும்போது நான் மெல்லக் கேட்டேன்.

"தெக்கு வாசலாச்சேங்க. எமன் வர்ற திசை, எனக்கு ஆகாதுன்னு சொன்னாங்களே?"

அவர் தள்ளுவதை நிறுத்தினார். கேட்டை ஒட்டி உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. பக்கத்தில் அவருடைய பேப்பர், மூக்குக்கண்ணாடி, டீ டம்ளர்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான். சுவத்தை இடிச்ச நாள்லருந்து இங்கதான் உக்காந்திருக்கேன். எவன் வேணா வரட்டும். குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தன் இருக்கேன்ல? என்னைக் கேக்காம உன்கிட்ட வந்துருவானா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முழங்கால் வலி என்று மகனிடம் சொன்னேன்.